போர் நியாயமா என்று யார் சொல்வது? இந்திய ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களுக்கு,

ஸ்தோத்திரம்.

ஞாயிறு மறைக்கல்வியில் பெரிய பிள்ளைகளுக்கு ஐந்தாம் கட்டளை நடத்துகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கொலை செய்யாதே. கருக்கலைப்பு, தற்கொலை, கருணைக்கொலை என்று எதைக் கேட்டாலும் திருச்சபையின் பதிலைப் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். போர் என்று வந்தால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். 2025 மே மாதம், இந்தியாவும் பாகிஸ்தானும் அடித்துக்கொண்ட அந்த நான்கு நாட்களையொட்டி, பட்டாளத்தில் சேர ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: "சார், நாளைக்கு நான் அங்க நின்னு சுட்டா அது பாவமா, இல்லையா?" புத்தகத்தைத் திறந்து காட்டினேன். புத்தகம் அவனை அரசாங்கத்திடம் அனுப்பியது.

எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2309. ஒரு நாடு ஆயுதம் எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள நான்கு நிபந்தனைகளை அது வைக்கிறது. எதிரியால் வரும் கேடு நீடித்ததாகவும் கடுமையானதாகவும் சந்தேகத்துக்கு இடமில்லாததாகவும் இருக்க வேண்டும். மற்ற வழிகள் எதுவும் பலிக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். வெற்றிக்கு நல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். ஒழிக்க நினைக்கும் தீமையைவிடப் பெரிய தீமையைப் போர் கொண்டுவந்துவிடக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை எடைபோடும்போது இன்றைய ஆயுதங்களின் நாசசக்தியை மிகவும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதுவரை சரி. ஆனால் அந்தப் பத்தி முடிகிற விதத்தைப் பாருங்கள். இந்த நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று முன்மதியோடு தீர்மானிப்பது பொது நன்மைக்குப் பொறுப்பானவர்களைச் சேர்ந்தது என்று முடிகிறது. அதாவது, போருக்குப் போகிற அரசாங்கமே அந்தப் போர் நியாயமானதா என்றும் தீர்ப்புச் சொல்லும். வேலிக்கு ஓணான் சாட்சி.

எங்கள் போர் அநியாயமானது என்று அறிவித்துவிட்டுப் படையெடுத்த அரசு எதுவும் இதுவரை இருந்ததில்லை. அப்படியானால் இந்த நான்கு நிபந்தனைகளும் யாருக்காக எழுதப்பட்டவை?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தீர்ப்பை நீங்களும் சொல்லுங்கள். குண்டு விழுவதற்கு முன்னால் சொல்லுங்கள். நம் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

உளவுத் தகவல் எல்லாம் அரசிடம்தானே இருக்கிறது, ஆயர்களுக்கு ராணுவத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். பழைய பதில்தான். ஸ்பெயின் நாட்டு சலமான்கா பல்கலைக்கழகத்தில் 1539இல் போர் உரிமை பற்றிப் பேசிய தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா அதை எதிர்கொண்டிருக்கிறார். அவருடைய மன்னரின் ஆட்கள் அப்போது அமெரிக்கக் கண்டத்து மக்களைச் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். தன் போர் நியாயமானது என்று மன்னர் நம்பினால் மட்டும் போதாது என்றார் விட்டோரியா. கோபமோ பேராசையோ இல்லாமல் பேசக்கூடிய விவரமான ஆட்கள் அதை அலசிப் பார்க்க வேண்டும், எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும் என்றார். போர் அநியாயமானது என்று ஒரு சாதாரணக் குடிமகனுக்கே தெளிவாகத் தெரிந்துவிட்டால், மன்னர் கட்டளையிட்டாலும் அவன் போரிடக் கூடாது என்றும் சொன்னார். 1539இல்! ஆனால் அதே உரையில் ஒரு சலுகையும் கொடுத்தார்: சந்தேகம்தான் இருக்கிறது என்றால், குடிமகன் மன்னரை நம்பிப் போகலாம். பின்னால் வந்தவர்கள் அந்தச் சலுகையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சலுகை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆஸ்திரிய விவசாயியின் வாழ்க்கை போதும். பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர். ராடெகுண்ட் என்ற சிற்றூர்க்காரர், ஊர் ஆலயத்தில் கோவில்பிள்ளையாகவும் இருந்தவர். மனைவி பிரான்சிஸ்கா, மூன்று சின்னப் பெண் பிள்ளைகள். ஹிட்லரின் போர் அநியாயப் போர், அதில் துப்பாக்கி ஏந்தினால் பாவம் என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. குருக்களிடம் கேட்டார். அப்புறம் லின்ஸ் மறைமாவட்ட ஆயர் யோசப் பிளீசரிடமே போனார். குடும்பத்தைப் பாருங்கள், அரசு செய்வதற்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை என்பதுதான் ஆயர் சொன்னதன் சாரம். வெளியே வந்த யாகர்ஸ்டாட்டர் மனைவியிடம், ஆயர் பயப்படுகிறார், என்னை ஒற்றன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ என்று சொன்னாராம்.

1943 பிப்ரவரியில் படைக்கு அழைப்பு வந்தது. துப்பாக்கி தூக்க மாட்டேன், காயம்பட்டவர்களுக்கு ஊழியம் செய்கிறேன் என்றார். கேட்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் தலையை வெட்டினார்கள். வயது 36.

இதைவிட என்னை உறுத்துவது அதன் பிறகு நடந்தது. ஹிட்லர் ஒழிந்து போர் முடிந்து, யாருக்கும் பயப்பட வேண்டாத காலம் வந்த பிறகும், மறைமாவட்டப் பத்திரிகையில் யாகர்ஸ்டாட்டரைப் பற்றிக் கட்டுரை போட அதே ஆயர் அனுமதிக்கவில்லை. கடமையைச் செய்து களத்தில் விழுந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவருடைய கருத்து. 2007 அக்டோபர் 26 அன்று அதே லின்ஸ் பேராலயத்தில் அந்த விவசாயிக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது திருச்சபை. 94 வயது பிரான்சிஸ்கா அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். ஆயர் பிளீசரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. பயந்த மனிதர். அவர் கையில் இருந்த பாடமும் அந்தப் பயத்துக்கு வசதியாக இருந்தது.

சர்வாதிகாரத்தில் அப்படித்தான் என்று தள்ளிவிட முடியாது. 2003இல் ஈராக்மீது அமெரிக்கா படையெடுக்கத் தயாரானபோது புனித இரண்டாம் ஜான் பால் கர்தினால் பியோ லாகியை நேரடியாக ஜார்ஜ் புஷ்ஷிடம் அனுப்பிப் பார்த்தார். முன்கூட்டியே தாக்கும் போர் என்ற கருத்து மறைக்கல்வி நூலில் இல்லவே இல்லை என்று, பின்னாளில் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர் சொன்னார். போர் தொடங்கியது. அமெரிக்க ராணுவ மறைமாவட்டப் பேராயர் எட்வின் ஓ'பிரையன் தன் ஆன்ம குருக்களுக்கு எழுதினார்: விஷயம் சிக்கலானது, பல தகவல்கள் ரகசியம், ஆகவே நம் வீரர்கள் தலைவர்களின் நேர்மையை நம்பி நல்ல மனசாட்சியோடு கடமையைச் செய்யலாம். விட்டோரியாவின் சலுகை, நானூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து, அச்சுப் பிசகாமல். அந்த ரகசியத் தகவல்களின் லட்சணம் அப்புறம் தெரிந்தது. சொன்ன பேரழிவு ஆயுதக் கையிருப்பு அகப்படவே இல்லை.

அதே தவக்காலத்தில் அதே நாட்டில் இன்னொரு ஆயர் இருந்தார். ஒஹாயோ மாநிலம் கான்டனில் இருக்கும் ருமேனிய கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஜான் மைக்கேல் போட்டியன். சின்ன மறைமாவட்டம், அமெரிக்காவிலேயே பலர் கேள்விப்பட்டிராதது. அவர் தன் மக்களுக்கு மடல் எழுதி, மறைக்கல்வி நூலின் நிபந்தனைகளை ஈராக் போரோடு பொருத்திப் பார்த்து, நேரடியாக இதில் பங்கெடுப்பதும் ஆதரிப்பதும் சாவான பாவத்துக்குரிய விஷயம் என்று எழுதிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அவரிடம் இருந்த தகவல் ஓ'பிரையனிடமும் இருந்தது. செய்தித்தாளில் வந்ததுதான் அது.

அமெரிக்க ஆயர்கள் பேரவைக்கும் பேசத் தெரியும். 1966இல் வியட்நாமில் தங்கள் நாடு இருப்பது நியாயமே என்றவர்கள், 1971இல் இந்தப் போரை விரைவாக முடிப்பது முதன்மையான அறக்கடமை என்றார்கள். இடையில் போன ஐந்து ஆண்டுகளில் எத்தனை உயிர்! நேரம் தப்பிச் சொன்ன சொல்லுக்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போரின் கணக்கில் தாமதம் என்பது பிணங்களின் எண்ணிக்கை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன்.

1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 80ஆம் எண்ணில், நகரங்களையும் பரந்த நிலப்பகுதிகளையும் அவற்றில் வாழும் மக்களோடு சேர்த்து வேறுபாடின்றி அழிக்கும் நோக்கம் கொண்ட எந்தப் போர்ச் செயலும் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம், தயங்காமல் உறுதியாகக் கண்டிக்கப்பட வேண்டியது என்று சொன்னது. சாபமிடும் வழக்கத்தையே விட்டுவிட்ட சங்கம், இந்த ஓரிடத்தில் குரலை உயர்த்தியது. 2003 ஜனவரி 4 அன்று நம் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு அணு ஆயுதக் கோட்பாட்டை வெளியிட்டது. இந்தியா முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தாது என்கிறது அது. நல்ல விஷயம், பாகிஸ்தான் அந்த வாக்குறுதியைக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் தாக்கப்பட்டால், பதிலடி மிகப் பெரியதாகவும், தாங்க முடியாத சேதத்தை விளைவிக்கும்படி வடிவமைக்கப்பட்டதாகவும் இருக்கும் என்று அதே கோட்பாடு சொல்கிறது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நகரம் என்ற சொல் கோட்பாட்டில் இல்லை, தெரியும். தாங்க முடியாத சேதத்தை வெறும் மணல்மேட்டில் விளைவிக்க முடியாது என்பதும் தெரியும். லாகூரில் யூஹனாபாத் என்று கிறிஸ்தவர்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு பகுதி இருக்கிறது. கராச்சியில் புனித பேட்ரிக் பேராலயம் இருக்கிறது. அவர்களைவிட எண்ணிக்கையில் பல மடங்கு முஸ்லிம்கள் இருக்கிறார்கள், கடவுள் முன் அவர்கள் உயிரும் அதே விலைதான். நம் அரசின் எழுதிவைத்த திட்டம், நம் சங்கம் குற்றம் என்று எழுதிவைத்ததோடு மோதுகிறதா இல்லையா? இதைச் சொல்ல உளவுத் தகவல் எதுவும் வேண்டாம். இரண்டுமே அச்சில் இருக்கின்றன.

மிரட்டி வைப்பதற்குத்தானே, பயன்படுத்தவா போகிறோம் என்பார்கள். 1982இல் இரண்டாம் ஜான் பாலும் ஆயுதக் களைவுக்குப் போகிற வழியில் ஒரு படியாக மட்டும், சமநிலையின் மேல் நிற்கும் அந்த மிரட்டலை இன்னும் ஏற்கலாம் என்றுதான் சொன்னார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஆயர்களும் கடும் நிபந்தனைகளோடு அதையே சொன்னார்கள். அந்தப் படியிலேயே எல்லோரும் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். அதனால்தான் 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் அவற்றை வைத்திருப்பதையுமே உறுதியாகக் கண்டிக்க வேண்டும் என்றார். 2019இல் ஹிரோஷிமாவில் நின்று அதையே திரும்பச் சொன்னார். அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் முதல் நாளே, 2017 செப்டம்பர் 20 அன்று, கையெழுத்திட்டு ஏற்புறுதியும் அளித்த சில நாடுகளில் வத்திக்கானும் ஒன்று. இந்தியா அந்தப் பக்கமே போகவில்லை. ரோமை ஒன்று சொல்கிறது, டில்லி இன்னொன்று சொல்கிறது, நடுவில் இருக்கும் கத்தோலிக்க விஞ்ஞானியும் மாலுமியும் பொறியாளரும் யாரைக் கேட்பது? எங்கள் பங்கில் எத்தனையோ தவக்காலங்கள் போய்விட்டன, இதைத் தொட்ட ஒரு மறையுரை என் காதில் விழவில்லை.

மறையுரை வைக்காத ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1945 ஆகஸ்ட் 9, யாகர்ஸ்டாட்டர் கொல்லப்பட்டு சரியாக இரண்டு ஆண்டுகள். நாகசாகியில் குண்டு வெடித்த இடத்துக்கும் உரகாமி பேராலயத்துக்கும் இடையே சுமார் 500 மீட்டர். மாதா விண்ணேற்புத் திருநாள் நெருங்கியதால் உள்ளே இரண்டு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்கள் உட்பட ஒருவரும் மிஞ்சவில்லை. உரகாமியில் இருந்த சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் குருக்கள் இல்லாமல், மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காப்பாற்றியவர்களின் சந்ததி அவர்கள். விமானத்தை ஓட்டிய சார்லஸ் ஸ்வீனி கத்தோலிக்கர். அந்த விமானங்கள் கிளம்பிய தினியன் தீவில் கத்தோலிக்க வீரர்களுக்கு ஆன்ம குருவாக இருந்தவர் அருட்தந்தை ஜார்ஜ் ஸபெல்கா. குடிமக்களைக் கொல்வது பாவம் என்று அதைச் செய்துகொண்டிருந்தவர்களிடம் ஒரே ஒரு மறையுரைகூட நான் வைக்கவில்லை, என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்னார். முதுமையில் ஜப்பானுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மறையுரைக்குத் தேவையான இறையியல் அவருக்குக் கிடைக்காததும் இல்லை. நகரங்கள்மீது குண்டு பொழிவது ஒழுக்கக்கேடு என்று அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் ஃபோர்டு 1944இலேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, விரிவாக எழுதி அச்சிட்டிருந்தார். அது தினியன் தீவுக்குப் போய்ச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆயர்கள் சேர்க்கவில்லை.

நம் நிலைமை இன்னும் நேரடியானது. அமெரிக்காவைப் போல இந்தியாவில் ராணுவ மறைமாவட்டம் கிடையாது. பொறுப்பைத் தள்ளிவிட ஒரு ராணுவப் பேராயர் நமக்கு இல்லை. விடுப்பில் வந்து திருவிழாவில் தேர் தள்ளுகிற வீரன் உங்கள் ஆடு.

இன்னொரு பழைய கதை. 1066இல் நார்மன் பிரபு வில்லியம் இங்கிலாந்தின்மீது படையெடுத்து ஹேஸ்டிங்ஸ் போரில் வென்றார். திருத்தந்தை அனுப்பிய கொடியோடு போன படை என்று அக்கால வரலாறு எழுதியவர் சொல்கிறார். அதாவது திருச்சபையின் கணக்கில் முழுக்க நியாயமான போர். சில ஆண்டுகளில் திருத்தந்தையின் தூதர், சுவிட்சர்லாந்தின் சியோன் நகர ஆயர் எர்மன்ஃபிரிட் அந்த வென்ற படைக்கே ஒரு பரிகாரப் பட்டியலை உறுதிசெய்தார். எத்தனை பேரைக் கொன்றாய் என்று தெரியுமா? ஆளுக்கு ஓர் ஆண்டு தவம். காயப்படுத்தினாய், செத்தானா பிழைத்தானா தெரியாதா? ஆளுக்கு நாற்பது நாள். எண்ணிக்கையே நினைவில்லையா? சாகும்வரை வாரம் ஒரு நாள். யாரையும் தொடவில்லை, ஆனால் தொட நினைத்தாயா? மூன்று நாள். அப்புறம் ஒரு வரி வருகிறது. தூரத்தில் நின்று அம்பு விட்ட வில்லாளிகள் சிலரைக் கொன்றிருப்பார்கள், சிலரைக் காயப்படுத்தியிருப்பார்கள், எத்தனை என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அவர்களுக்கு மூன்று தவக்காலம்.

தெரியாது என்பது அங்கே தப்பிக்கும் வழியாக இல்லை. தெரியாமல் கொன்றதற்கே ஒரு தவம் வைத்தார்கள். போர் நியாயமானதா என்ற கேள்வியும், இந்தக் கை என்ன செய்தது என்ற கேள்வியும் வேறு வேறு என்று அந்தக் காலத்து முரட்டு ஆயர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று எல்லோரும் வில்லாளிகள். 2025 மே 7 அன்று எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஷெல் ஒன்று பூஞ்ச் நகரில் சி.எம்.ஐ. துறவற சபைக் குருக்கள் நடத்தும் கிறைஸ்ட் பள்ளிக்குப் பின்னால் விழுந்து வெடித்தது. அந்தப் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகள் செத்தார்கள், பெற்றோருக்குக் காயம். அதை ஏவியவருக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாது. அதே நாட்களில் நாம் ஏவியதில் செத்தவர்களின் முகம் நமக்கும் தெரியாது. பஹல்காமில் ஏப்ரல் 22 அன்று 26 பேரைச் சுட்டவர்களுக்கு முகம் நன்றாகவே தெரிந்திருந்தது, அது பச்சைக் கொலை, அதில் விவாதமே இல்லை. கேள்வி, அதற்குப் பதில் சொல்லக் கிளம்பியவர்களைப் பற்றியது.

2025 ஜூலை 17 அன்று காசாவின் ஒரே கத்தோலிக்க ஆலயமான திருக்குடும்ப ஆலயம் இஸ்ரேலியத் தாக்குதலில் அடிபட்டு மூன்று பேர் இறந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் நோயாளியாகப் படுத்திருந்தபோதுகூட இரவில் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்த பங்கு அது. வழி தவறிய குண்டு என்றது இஸ்ரேல். போர் விமானத்திலும் பீரங்கியிலும் நடக்கிற வரைக்கும் இப்படி. இப்போது யாரைக் கொல்வது என்ற பட்டியலையே கணினி தயாரிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். காசாவில் லாவெண்டர் என்ற மென்பொருள் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கொடுத்ததாகவும், ஒவ்வொரு பெயரையும் மனிதர் சரிபார்க்க எடுத்துக்கொண்டது சில விநாடிகள்தான் என்றும் ராணுவ உளவுப் பிரிவினரை ஆதாரம் காட்டி இஸ்ரேலியப் பத்திரிகையாளர்களே 2024 ஏப்ரலில் எழுதினார்கள். இஸ்ரேல் ராணுவம் அதை மறுத்தது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், அந்தக் கருவிகள் எல்லா நாட்டுக்கும் வரும், நமக்கும் வரும். எந்த இயந்திரமும் ஒரு மனித உயிரைப் பறிக்கத் தீர்மானிக்கக் கூடாது என்று 2024 ஜூனில் ஜி7 மாநாட்டில் பிரான்சிஸ் சொன்னார். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அந்த மென்பொருளை எழுதப் போகிற பையன்களில் நம் பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

இந்த நீதியான போர்க் கோட்பாட்டையே தூக்கிப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 2016இல் ரோமையில் கூடிய ஒரு கூட்டம் அதைத்தான் கேட்டது. 'அனைவரும் உடன்பிறந்தோர்' சுற்றுமடலில் பிரான்சிஸும், பழைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களை வைத்து இன்று நீதியான போர் பற்றிப் பேசுவது மிகவும் கடினம் என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உக்ரைன்காரரிடம் போய் உங்களுக்குத் தற்காப்பு உரிமை இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதோடு, அளவுகோலைத் தூக்கிப் போட்டால் அரசுகளுக்குத்தான் நிம்மதி. எல்லாப் போரும் தோல்வியே என்று பொதுவாகச் சொல்லும் மடலை எந்தப் பிரதமரும் சந்தோஷமாகப் படிப்பார். இந்த ஏவுகணை, இந்த இலக்கு, இந்தக் கோட்பாடு தவறு என்று பெயர் சொல்லும் மடல்தான் அவருக்குக் கசக்கும். அளவுகோல் இருக்கட்டும். அளப்பவர் மாற வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கத்தோலிக்கர் நாம் இந்த நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறாத சிறுபான்மை. சும்மா இருந்தாலே தேசபக்தியை நிரூபிக்கச் சொல்கிறார்கள். ஆலயத்தை உடைக்கிறவன் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும்போது, ராணுவத்தைப் பற்றி ஆயர் வாய் திறந்தால் அடி வாங்குவது ஏதோ ஒரு கிராமத்துச் சிற்றாலயமும் அங்கே ஊழியம் செய்யும் கன்னியரும்தான். இதை லேசாக எடுத்துக்கொண்டு உங்களுக்கு வீரம் பேச நான் வரவில்லை.

ஆனால் எதைச் சொல்வது என்பதைப் போலவே எப்படிச் சொல்வது என்பதும் ஒரு கலை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்பை நினைத்துப் பாருங்கள். அவரும் சிறுபான்மையில் சிறுபான்மை, போர் வென்ற அரசின் கீழ் வாழ்ந்தவர். 2011 ஜனவரியில் இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் உட்கார்ந்து கோஷம் எதுவும் போடவில்லை, கணக்குக் கேட்டார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிவில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? முதல் எண் அரசு அலுவலகத்திலிருந்தே வந்தது, இரண்டாவது ஐ.நா. அறிக்கையிலிருந்து வந்தது. கழித்தல் மட்டும் ஆயருடையது. கடைசிவரை அவருக்குப் பதில் வரவில்லை, ஆனால் அந்த எண்ணைத் தாண்டி இன்றுவரை யாராலும் அந்தப் போரைப் பற்றிப் பேச முடியவில்லை.

அந்த மாதிரி ஒரு மடல் எங்களுக்கு வேண்டும். அமைதிக்காகச் செபமாலை சொல்லச் சொல்லும் மடல் வேண்டாம், அதை நாங்களே சொல்லிக்கொள்கிறோம். 2003 கோட்பாட்டை எடுத்து, சங்க ஏட்டோடு பொருத்தி, இது இடிக்கிறது என்று எழுதுங்கள். குடிமக்கள்மீது ஏவச் சொன்னால் மறுக்க வேண்டிய கடமை ஒரு வீரனுக்கு உண்டு, மறுத்து மாட்டிக்கொண்டால் மறைமாவட்டம் அவன் குடும்பத்தைக் கைவிடாது என்று எழுதுங்கள். கண்ணை மூடிக் கீழ்ப்படிந்தேன் என்பது சாக்கு ஆகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2313ஆம் எண் ஏற்கெனவே சொல்கிறது, அது நம் மறைக்கல்விப் பாடநூலுக்குள் வரட்டும். ரோமைக்கும் எழுதுங்கள். மரண தண்டனை பற்றிய 2267ஆம் எண்ணை 2018இல் திருத்தியவர்களால் 2309இன் கடைசி வாக்கியத்தையும் திருத்த முடியும்.

முடிந்தால் ஒன்றைக் கூடுதலாகச் செய்யுங்கள். பாகிஸ்தான் ஆயர்களோடு சேர்ந்து எழுதுங்கள். 1965 நவம்பரில், சங்கம் முடிகிற நேரத்தில், போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு மடல் எழுதினார்கள். மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்றது அது. வார்சாவில் கம்யூனிச அரசு கொதித்தது, ஆயர்களைத் தேசத்துரோகிகள் என்றது, கர்தினால் விஷின்ஸ்கிக்கு வெளிநாடு போக அனுமதி மறுத்தது. ஊரில் பாதிப் பேர், நாங்கள் மன்னிக்கவில்லை, எங்களுக்காக இவர்கள் யார் பேச என்று கேட்டார்கள், அதுவும் நியாயமான கோபம்தான். ஆனாலும் மடல் நின்றது. 2025 மே 11 அன்று புதிய திருத்தந்தை லியோ, இந்திய பாகிஸ்தான் போர்நிறுத்தத்தை வரவேற்றுப் பேசினார். ரோமையிலிருந்து அவர் பேசுவதைவிட, இரண்டு நாட்டு ஆயர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, லாகூரிலும் டில்லியிலும் ஒரே ஞாயிறு வாசிப்பது பெரிய காரியம். எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும் என்று விட்டோரியா சொன்னதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்ப்பீர்களா என்று மட்டும் தெரிவியுங்கள். மடல் தமிழில் வந்தால் எங்கள் வகுப்பில் அதைப் பாடமாகவே வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மந்தையைச் சேர்ந்த ஒரு மறைக்கல்வி ஆசிரியன்